ராஜாவைச் சுற்றிப் பெட்டிகள்

அலமாரி என்று ஓர் ஆளுக்குப் பெயர் இருக்குமா? பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை அது. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது அவன் வேலை, பதினெட்டு வருடமாகத் தூக்குகிறான். உயரமும் அகலமும் இரட்டைக் கதவு பீரோ மாதிரி. வாயும் அப்படித்தான், பூட்டிப் போட்டது போல எப்போதாவதுதான் திறக்கும். எவளோ ஒரு வீட்டுக்காரம்மா கண்ணாடி போடாமல் வாசலில் நின்றுகொண்டு, அந்த அலமாரியை ஏன் இன்னும் வண்டியில் ஏற்றவில்லை என்று அவனைக் காட்டிக் கேட்டுவிட்டாள். அன்று ஒட்டிய பெயர். அவனுக்கும் அதில் ஒன்றும் வருத்தமில்லை.

வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு அவனுடைய அக்காவைக் குறை சொல்ல முடியாது, அவள் செய்யாத முயற்சி இல்லை. அக்காவுக்குத் தண்ணீர் அலுவலகத்தில் தொலைபேசியில் குறை கேட்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், ஆள் கிளம்பிவிட்டார், இதோ தெருமுனையில் இருக்கிறார், இன்னும் அரை மணி நேரத்தில் உங்கள் குழாயில் கை வைத்துவிடுவார் என்று தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆள் கிளம்பியிருக்க மாட்டான். சில நாள் அப்படி ஓர் ஆளே இருக்க மாட்டான். அந்த வாய் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஓய்ந்துவிடுமா என்ன? தம்பிக்காக நாலு இடத்தில் பேசி, நாலு குடும்பத்தைத் தேநீருக்கு வரவழைத்தாள். நாலு தடவையும் அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையையே பார்த்தான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "தூக்குறேன்" என்றான். மேற்கொண்டு ஒரு சொல் கிடையாது. நாலாவதாக வந்த பெண் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தாவது விஷயம் வேறு மாதிரி.

போன மாதம் பல் செட்டு செய்கிற ஒரு லேபுக்கு அடுப்பு ஒன்றை மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள். பல்லைச் சுட்டெடுக்கிற அடுப்பு. பார்க்கத்தான் சின்னது, தூக்கினால் எருமைக் கனம். படி திரும்பும் இடத்தில் அங்கே வேலை செய்யும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனியில் மாவு மாதிரி பிளாஸ்டர் தூசி. இடது பக்கம் ரெண்டு விரல் இடம் இருக்கிறது, லேசாகச் சாய்த்தால் போய்விடும் என்றாள். சாய்த்தார்கள். சரியாக ரெண்டு விரல் இடம் இருந்தது. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் படிக்கட்டில் நின்று "பாத்து, பாத்து" என்று கத்தியிருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அன்று சாப்பிடும்போது அலமாரி தானாக வாயைத் திறந்தான். "அந்த லேப்ல ஒருத்தங்க இருந்தாங்க" என்றான். அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. தம்பி ஒரு பெண்ணைப் பற்றி நாலு சொல் சேர்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அக்கா சும்மா இருப்பாளா? தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்கிற சாக்கில் லேபுக்கு ஃபோன் போட்டாள். அடுத்தடுத்து மூன்று ஃபோன், மூன்றாவதை எடுத்தது அந்தப் பெண்ணே. முடிவில் ஜாதகமே கையில் வந்த மாதிரி எல்லாம் தெரிந்துபோயிற்று. வயது முப்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. சித்தியோடு இருக்கிறாள். வேலை முடிந்தால் நேராக செஸ் கிளப். அடுப்பு தூக்கி வந்த ஆளையும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் கொண்டுவந்தாரே அவரா என்று கேட்டிருக்கிறாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விஷயம் பழம் மாதிரி கனிந்து நின்றது, பறிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எதிர்முனையில் ஆள் இருந்து, கையில் ஃபோனும் இருந்தால் அக்காவுக்கு நாக்கு தானாகச் சுழலும். என் தம்பிக்கும் செஸ் என்றால் உயிர், சின்ன வயதிலிருந்து ஆடுகிறான், எங்கள் பக்கத்தில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது என்று அடித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை சித்தியை அழைத்துக்கொண்டு வருகிறேன், போர்டு நானே கொண்டுவருகிறேன் என்றாள்.

இதை அக்கா தம்பியிடம் சொன்னது புதன்கிழமை சாயங்காலம்.

"அக்கா, செஸ்னா குதிரைத் தலை ஒண்ணு இருக்குமே, அதுவா?"

"அதேதான். பாத்தியா, உனக்குப் பாதி தெரியுது."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தான். இப்போது போய்ச் சொன்னால் பொய்க் குடும்பம் என்று நினைத்து வரவே மாட்டாள், அப்புறம் ஆயுசுக்கும் நீ பீரோவையே கட்டிக்கொண்டு இரு என்றாள் அக்கா. பியானோவை நாலாவது மாடிக்கு ஏற்றினவனுக்கு விரல் நீளக் கட்டையை நகர்த்த வராதா என்றும் கேட்டாள். பியானோ எங்கே போக வேண்டும் என்று பியானோவுக்குச் சொந்தக்காரர் சொல்லிவிடுவார். இது அப்படி இல்லை என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

அவர்கள் வண்டியில் மூன்று பேர். அலமாரி, அவனோடு மறுமுனையைப் பிடிக்கும் ஊசி, அப்புறம் ஓட்டுநர். ஊசி பேருக்கு ஏற்றபடி ஒல்லி, எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வருவான். ஓட்டுநர் ஓட்டுவதோடு சரி. சாமானில் விரல் வைக்க மாட்டான். எனக்கு ஸ்டியரிங், உங்களுக்குச் சாமான் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். இவர்கள் இரண்டு பேரும் மேலும் கீழும் ஏறி இறங்கி நாக்குத் தள்ளிக்கொண்டிருக்க, அவன் வண்டிக்குள் காலை நீட்டிக்கொண்டு ஃபோனில் செஸ் ஆடுவான். இப்படியே பத்து வருடம். இதனால் ஊசிக்கு அவன்மேல் ஏகப்பட்ட கடுப்பு. ஆனால் வியாழக்கிழமை காலையில் அலமாரிக்கு அவன் குருவாகத் தெரிந்தான்.

குரு முதலில் ஃபோனை நீட்டினான். அலமாரியின் கட்டை விரலை அதில் வைத்தால் ஒரே சமயத்தில் ஆறு கட்டம் மறைந்தது. ஒன்றைத் தொட்டால் வேறொன்று ஓடிற்று. இரண்டு நிமிடத்தில் ஓட்டுநர் மூன்று வாரமாகப் பார்த்துப் பார்த்து ஆடிவந்த ஆட்டம் தோற்றுப்போயிற்று. ஃபோனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஓர் அட்டைப்பெட்டி மூடியில் மார்க்கரால் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டான். காய்க்கு என்ன செய்வது? கருவிப் பெட்டியிலிருந்து போல்ட்டும் நட்டும் ஸ்க்ரூவும் எடுத்து அடுக்கினான்.

"நல்லா பாத்துக்க. இது மந்திரி."

"இது கட்டில் கால் போல்ட்டுடா."

"இப்போதைக்கு மந்திரி."

"இது இல்லன்னா கட்டில் ஆடும். சாயங்காலம் ஞாபகமா எடுத்து வெச்சிரு."

இப்படியே போனால் எங்கே உருப்படுவது? அலமாரிக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பிறந்த வீட்டோடு தெரியும். யானை என்று சொன்னதை அவன் சாப்பாட்டு மேஜையின் நட்டாகவும், குதிரை என்று சொன்னதைக் கதவுக் கீலாகவுமே பார்த்தான். மந்திரி குறுக்காகப் போகும், யானை நேராகப் போகும், குதிரை இரண்டும் ஒன்றுமாகத் தாண்டும் என்று ஓட்டுநர் தொண்டை வறளச் சொன்னான். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், அந்தக் கதவுக் கீல் எந்த வீட்டுடையது என்றுதான் பதில் வந்தது. ஊசி பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணனுக்குக் கல்யாண யோகம் இல்லை, கட்டில் மட்டும் ஆடாமல் நிற்கும் என்று சொல்லிச் சிரித்தான்.

மத்தியானம் ஒரு சோபாவை மூன்றாம் மாடியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. நீளமான சோபா, குறுகலான படி. மேலே அலமாரி, கீழே ஊசி. நேராக ரெண்டு எட்டு இறங்கி, திரும்புகிற இடத்தில் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிப் பக்கவாட்டில் ஓர் எட்டு வைக்க வேண்டும். அவர்கள் ஆயிரம் தடவை செய்ததுதான். பாதித் திருப்பத்தில் அலமாரி சிலை மாதிரி நின்றுவிட்டான். கீழே ஊசி சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் அப்பளமாகிக்கொண்டிருந்தான்.

"ஊசி."

"அண்ணே, மூச்சு முட்டுது."

"ரெண்டு நேரா, ஒண்ணு பக்கம். நடுவுல என்ன இருந்தாலும் அதுக்கு மேல தாண்டி. இதாண்டா குதிரை."

"என்னவா வேணா இருக்கட்டும்ணே. இறக்குங்க."

அந்தச் சோபா தரைக்கு வந்ததும் அவனுக்கு எல்லாம் வரிசையாகத் திறந்துகொண்டது. யானை என்பது ஃப்ரிட்ஜ். அதை நேராகத்தான் கொண்டுபோக வேண்டும், முன்னே பின்னே, இந்தப் பக்கம் அந்தப் பக்கம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் சாய்க்கக் கூடாது. மந்திரி என்பது மெத்தை. எந்தக் கதவானாலும் சாய்த்துக் குறுக்காகத்தான் நுழையும். சிப்பாய் அட்டைப்பெட்டி. முன்னால்தான் போகும், ஏற்றின பெட்டியைத் திரும்ப இறக்கும் பேச்சே கிடையாது. கிளம்பும்போது உற்சாகமாக ரெண்டு எட்டு வைக்கும், அப்புறம் ஒவ்வொன்றாக. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த சிப்பாய் என்னவாக வேண்டுமானாலும் மாறலாம் என்று ஓட்டுநர் சொன்னபோது அலமாரிக்கு ஆச்சரியமே இல்லை. புது வீட்டுக்குப் போய்த் திறக்கும்வரை பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு சந்தேகம்தான் அவனுக்குத் தீரவில்லை. நேராகவே போகிற பெட்டி, வெட்டும்போது மட்டும் ஏன் சாய்வாகப் போய் வெட்டுகிறது? ஓட்டுநருக்கும் தெரியவில்லை. சட்டம் அப்படி என்றான்.

வெள்ளியும் சனியும் மூன்று பேரும் ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவில் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து ஆடினார்கள். வெட்டுப்பட்ட ஸ்க்ரூக்களை ஊசி காகிதத்தில் சுற்றி வரிசையாக வைத்தான், தொலைந்தால் கட்டில்காரர் கழுத்தைப் பிடிப்பார் என்பதற்காக. சனிக்கிழமை சாயங்காலம் அலமாரி ஒரு தடவைகூடத் தப்பாக நகர்த்தாமல் முழு ஆட்டம் ஆடித் தோற்றான். ஓட்டுநர் அவன் தோளில் தட்டி, ஜெயிப்பது எப்படி என்று அடுத்த வாரம் சொல்லித் தருவதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

சித்தி முதலில் நுழைந்தாள். சின்ன உருவம், பெரிய கைப்பை. வந்ததும் ஜன்னல், திரை, நாற்காலி, அலமாரி என்று எல்லாவற்றையும் கண்ணால் ஒரு தடவை தடவி எடுத்தாள். பின்னால் அந்தப் பெண், கையில் தட்டையான ஒரு டப்பாவோடு. பல் அச்சு வைக்கிற டப்பாவாம் அது, அளவு சரியாக இருந்ததால் செஸ் காய்க்கு எடுத்துக்கொண்டாளாம். மூக்கில் தூசி இல்லை. அது இல்லாமல் அவளை அடையாளம் கண்டுகொள்ள அலமாரிக்கு ஒரு நொடி ஆயிற்று.

அக்கா தேநீர் கொண்டுவந்தாள், பிஸ்கட் கொண்டுவந்தாள், வாயையும் கொண்டுவந்தாள். தம்பி கறுப்பில் ஆடினாலும் ஜெயிப்பான், வெள்ளையில் ஆடினாலும் ஜெயிப்பான் என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காய்களை அடுக்கினாள். வெள்ளைச் சிப்பாய்களில் ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. பழையது தொலைந்துபோய்விட்டதாம், பல் செட்டின் ஈறுக்கு வைத்திருந்த கலவையில் அவளே ஒன்று செய்துவிட்டாளாம். தலையில் கொண்டைக்குப் பதிலாக ஒரு கடைவாய்ப் பல் இருந்தது. அலமாரி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல்லுக்கு வேர்கூட வைத்திருந்தாள். அவனுக்கு வெள்ளையைக் கொடுத்தாள்.

ஆரம்பம் மோசமில்லை. பெட்டிகளில் ரெண்டை முன்னால் தள்ளினான். சோபாக்களை எடுத்தான், மெத்தைகளை எடுத்தான். உள்ளே அடைந்து கிடக்கும் பெரிய சாமான்களை முதலில் வெளியே கொண்டுவா என்பது அவன் தொழிலில் அரிச்சுவடி. அந்தப் பெண்ணின் புருவம் கொஞ்சம் மேலே போயிற்று. நன்றாக ஆடுகிறீர்களே என்றாள். அக்கா சமையலறைக் கதவோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள், நிம்மதியில்.

சித்திக்குத்தான் ஏதோ உறுத்திற்று. இந்த மனிதர் ஏன் ஒவ்வொரு காயையும் இரண்டு கையால் எடுக்கிறார்? எடுக்கும்போது ஏன் முதுகை நிமிர்த்திக்கொள்கிறார்? கீழே வைக்கும்போது வாய்க்குள் என்னவோ முணுமுணுக்கிறாரே என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். "மெதுவா, மெதுவா, இறக்கு, விட்டுரு" என்று வந்தது. மந்திரமோ என்னவோ என்று சித்தி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பத்தாவது நகர்த்தலில் அவன் அவளுடைய மந்திரி ஒன்றை வெட்டினான். அவளே பேச்சு சுவாரசியத்தில் கவனிக்காமல் விட்ட காய் அது. வெட்டினவன் அதைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டியதுதானே? பிஸ்கட் தட்டின் கீழிருந்த காகிதத்தை உருவினான். மந்திரியை நடுவில் படுக்க வைத்தான். இரண்டு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கி, உள்ளே மடித்தான். கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிற்று, மார்க்கர் தேடி.

"என்ன பண்றீங்க?" என்றாள் அவள்.

"உடையக் கூடாதுல்ல" என்றான். அதற்குள் மார்க்கர் கிடைத்து, "கவனம்" என்று எழுதியும் முடித்திருந்தான்.

அவள் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். அவன் விரல்கள் அடுத்து நகர்த்த வேண்டிய குதிரையின்மேல் இருந்தன.

"எத்தனை வருஷமா ஆடுறீங்க?"

சின்ன வயதிலிருந்தே என்று கதவோரத்திலிருந்து அக்கா சொன்னது அவன் காதிலும் விழுந்தது. அதோடு அவன் தலையை ஆட்டியிருந்தால் போதும். அன்றைய பொழுது போயிருக்கும். ஆனால் எதிரில் இருந்தவள், ரெண்டு விரல் இடம் என்றால் சரியாக ரெண்டு விரல் இடம் காட்டினவள். அவளிடம் ஒரு விரலைக் கூட்டிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"வியாழக்கிழமையில இருந்து" என்றான்.

அப்புறம் அக்கா பேசினாள், பேசாமல் இருந்திருக்கலாம். வியாழக்கிழமைகளில் மட்டும் ஆடுவான் என்ற அர்த்தத்தில் சொல்கிறான் என்றாள். ஒரு வியாழக்கிழமைதான் எங்கள் அப்பா இவனுக்கு முதல் செஸ் போர்டு வாங்கித் தந்தார் என்றாள். அந்த அப்பாவுக்கு ஒரு கடைத்தெருவையும் போர்டுக்கு ஒரு நிறத்தையும் அவள் தயார் செய்துகொண்டிருந்தபோது, தம்பி திரும்பினான்.

"அக்கா, போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. கனமான சாமானைக் கீழே வைக்கும்போது சொல்கிற மாதிரி சொன்னான். அக்கா வாயை மூடிக்கொண்டாள். அலுவலகத்தில் அவளை அப்படி மூட வைக்கப் பதினோரு மேலதிகாரிகள் முயன்று தோற்றிருக்கிறார்கள்.

சித்தி எழுந்துவிட்டாள். பை தோளுக்கு ஏறிவிட்டது. ஒரு போர்டு விஷயத்திலேயே இத்தனை பொய் என்றால் வீட்டில் இன்னும் என்னென்ன ஒளித்து வைத்திருப்பார்களோ, கிளம்பு என்றாள். முன்பு நாலு பேர் எழுந்து போனபோது அலமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். போய்விடாதீர்கள் என்று சொல்லவும் தெரியவில்லை. குதிரையின்மேல் வைத்த கையையும் எடுக்கவில்லை.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"அவர் காயைத் தொட்டுட்டார் சித்தி. தொட்டா நகர்த்தணும். முடிக்கட்டும், இருங்க."

சித்தி நின்றபடியே இருந்தாள். அவன் குதிரையை ரெண்டு நேராக, ஒன்று பக்கமாக, இன்னொரு காயின் தலைக்கு மேலே தூக்கி வைத்தான். சரியாகத்தான் வைத்தான். நாலு நாளில் இதை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள், குதிரைக்குக் கிளப்பில் நான் சொல்லித் தருகிறவர்கள் ஒரு மாதம் எடுப்பார்கள் என்று அவள் கேட்டாள். கேள்வியில் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது. சோபா என்றான் அவன். சோபாவா என்றாள். அவன் சொல்லத் தொடங்கினான்.

பதினெட்டு வருடமாகப் பூட்டியிருந்த பீரோ திறந்த மாதிரிதான். ஃப்ரிட்ஜைச் சொன்னான், மெத்தையைச் சொன்னான், படியில் ஊசி நசுங்கியதைச் சொன்னான். ஓட்டுநருக்கும் புரியாத சாய்வு வெட்டைப் பற்றி அவளிடமே கேட்டான். சித்தி நின்றுகொண்டு கேட்டாள். கால் வலித்ததோ என்னவோ, அப்புறம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். ராணிக்கு என்ன சாமான் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சாமான் இல்லங்க. அது வீட்டுக்காரம்மா. எந்தப் பக்கமும் போவாங்க, எவ்வளவு தூரமும் போவாங்க. இது அங்க, அது இங்கன்னு அவங்க இல்லாம ஒரு வேலையும் நடக்காது."

"அப்ப ராஜா?"

"வீட்டுக்காரர். ஒரு அடி எடுத்து வெப்பார், வழிய மறிச்சுக்கிட்டு நிப்பார். அவரால ஒரு உதவியும் இருக்காது. ஆனா அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வேலையே நின்னுடும்."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பாவை நினைத்துக்கொண்டாள்போல. வந்த சிரிப்பைக் கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து மறைத்தாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரிக்காமல் ஆட ஆரம்பித்தாள். இனி விட்டுக்கொடுப்பது, பேச்சு சுவாரசியம் எதுவும் இல்லை. அவன் ஒரு காயை எடுத்தால் அவள் இரண்டை எடுத்தாள். அவனுக்கு அது ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி தூக்குவதுதான் வேலை. அவன் ராஜாவைத் தன் தொழில் முறைப்படி பத்திரப்படுத்தினான். வீடு காலி செய்யும்போது வீட்டுக்காரரை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள், காலில் ஒன்றும் விழாமல் இருக்க. அதே மாதிரி ஒவ்வொரு கட்டமாக ராஜாவை மூலைக்குக் கொண்டுபோனான். அவருக்கு முன்னால் மூன்று பெட்டிகள் இருந்தன, ஆரம்பத்தில் வைத்தது வைத்தபடி. அதில் ஒன்று அந்தக் கடைவாய்ப் பல். அவற்றைக் கடைசி வரைக்கும் அவன் தொடவே இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல் அத்தனை ஒழுங்காக அடுக்கியிருந்ததைக் கலைக்க எந்தச் சாமான்காரனுக்கு மனசு வரும்? இடைவெளி விட்டால் வழியில் ஆடும், ஆடினால் உடையும்.

அவள் தன் ஃப்ரிட்ஜை எடுத்து, நேராக, சாய்க்காமல், அவனுடைய கடைசி வரிசைக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

"செக்மேட்."

அவன் குனிந்து பார்த்தான். பக்கத்தில் போனாலும் அந்த ஃப்ரிட்ஜ் பார்க்கிறது. முன்னால் போகலாமென்றால் அவனே அடுக்கின மூன்று பெட்டி.

"இவரை இப்ப எப்படி வெளிய எடுக்கிறது?"

"எடுக்க முடியாது. நீங்களேதான் அடைச்சு வெச்சிருக்கீங்க."

அவன் முகம் அப்படி ஆகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தோற்றதற்கு வருத்தப்படுகிற முகம் இல்லை அது. வேலை சுத்தமாகச் செய்து கொடுத்தும் சாமான் உடைந்துபோன முகம். "பெட்டியெல்லாம் நல்லா அடுக்கியிருந்தேனே" என்றான். அங்கேதான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தாள் சிரித்தாள், பல் செய்கிறவளுக்கே இத்தனை பல்லா என்கிற மாதிரி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடைவாய்ப் பல்லை ஒரே ஒரு கட்டம் முன்னால் தள்ளிக் காட்டினாள். இவ்வளவுதான், இதை முன்னாடியே செய்திருந்தால் அவர் மூச்சு விட ஒரு வழி இருந்திருக்கும் என்றாள்.

அப்புறம் காய்களை மறுபடி அடுக்கினாள். மந்திரியை மட்டும் காணோம். அவன் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தான். வீட்டுக்குப் போக வேண்டாமா என்றாள் சித்தி, ஆனால் பை கீழேதான் இருந்தது. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் இன்னொரு தடவை தேநீர் போடப் போனாள்.

இரண்டாவது ஆட்டத்துக்கும் வெள்ளை அவனுக்கே. ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு வேறு எதையும் தொடாமல், இரண்டு கையாலும் அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்து ஒரு கட்டம் முன்னால் இறக்கினான்.

"இது முதல் காய் நகர்த்தறப்ப ஆடற ஆட்டமே இல்ல" என்றாள் அவள். "ரொம்ப மோசம்."

"இருக்கட்டுங்க. முதல்ல அவர் மூச்சு விடட்டும்."

பதினான்கே நகர்த்தலில் மறுபடியும் தோற்றான். இந்தத் தடவை நட்டநடுப் பலகையில், சுற்றிலும் வேண்டிய அளவு காற்றோட்டத்தோடு. அவள் காய்களை டப்பாவில் போட்டுக்கொண்டே, உங்கள் அக்கா ஃபோன் செய்தால் இனிமேல் நான் எடுக்கப்போவதில்லை என்றாள். சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. உங்கள் நம்பரைக் கொடுங்கள், நேராகப் பேசிக்கொள்ளலாம் என்று முடித்தாள். பெட்டி மேல் எழுதுகிற அதே மார்க்கரால் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். எண் ஒவ்வொன்றும் நாலு வீடு தள்ளி நின்றாலும் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை கிளப்புக்கு வாங்க" என்றாள் வாசலில் நின்று. "உங்களைவிட மோசமா ஆடுறவர் ஒருத்தர் அங்க இருக்கார்."

"எத்தனை நாளா ஆடுறார்?"

"ஒன்பது வருஷமா."

சித்தி படியிறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரர் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனாள். அலமாரி கதவருகில் நின்றுகொண்டிருந்தான். அக்கா பின்னால் வந்து, செவ்வாய்க்கிழமைக்கு என்ன சட்டை போடப்போகிறாய் என்று மெதுவாக ஆரம்பித்தாள். அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பெட்டி ஏன் சாய்வாக வெட்டுகிறது என்று அவள் கடைசிவரை சொல்லாமலே போய்விட்டாள், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.